ஒரு குவளையின் கணக்கு

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள் மாலை, பெல்ஜிய நாட்டின் கெம்பன் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில், பழைய மாட்டுக் கொட்டகை ஒன்றில் அமர்ந்து நான் ஒரு குவளைப் பீர் அருந்தினேன். இக்கட்டுரை அந்த ஒரு குவளையைப் பற்றியது. மறைமாவட்ட இதழில் ஒரு பங்குத்தந்தை எழுதக்கூடிய பொருளா இது என்று முகம் சுளிக்கும் வாசகர்கள் இருக்கக்கூடும். எனக்கும் அத்தயக்கம் இருந்தது. ஆதலால்தான் இவ்வளவு காலம் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தகைய குவளை எதையும் தொடுவதில்லை என்று பதினோர் ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

2012ஆம் ஆண்டின் தவக்காலம் அது. அப்போது நான் பணியாற்றிய பங்கில் ஒரு கொத்தனார் இருந்தார். கைத்திறன் மிக்கவர். எங்கள் கோவில் முகப்பின் வளைவுகளை மட்டப்பலகை வைத்துப் பார்க்கத் தேவையின்றிக் கண்ணளவிலேயே பூசித் தந்தவர். ஆனால் சனிக்கிழமைக் கூலி ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிவரை அவர் சட்டைப் பையில் தங்கியதில்லை. ஒருநாள் காலையில் அவர் மனைவி பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். அரசாங்கம் இலவசமாகத் தந்த மிக்சியைக் கணவர் விற்றுக் குடித்துவிட்டார் என்றார். அழவில்லை. "அம்மியிலே அரைச்சுக்குவேன் சாமி, அது ஒண்ணுமில்லே. அடுத்து எதை விப்பாருன்னு வீட்டுச் சாமானையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்க முடியலே" என்றார்.

அன்று மாலை அந்தக் கொத்தனாரை அழைத்துப் பேசினேன். மறையுரைகளில் வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தவர் நான் முடித்ததும் நிமிர்ந்தார். "சாமி தினமும் காலையிலே பீடத்திலே குடிக்கிறீங்க. பெருநாளுக்கு வர்ற சாமியாருங்க மாடியிலே கூடுறப்போ பெட்டி பெட்டியா ஏறினதையும் நான் பார்த்திருக்கேன். எனக்கு மட்டும் ஏன் சாமி?" என்று கேட்டார். அவர் சொன்னதில் முற்பகுதி அறியாமை. பிற்பகுதி உண்மை. பெட்டி பெட்டியாக என்பது சற்று மிகை, ஆனால் உண்மை.

அதற்கு என்னிடம் நான்கு ஆண்டு இறையியல் கற்ற விடை இருந்தது. அளவோடு அருந்துதல், விழா, உடன்பிறப்பு உறவு என்றெல்லாம் விளக்கியிருக்கலாம். அடுப்படியில் மிக்சி இல்லாத ஒரு வீட்டின் தலைவரிடம் அதைச் சொல்ல நா எழவில்லை. "சரி, திருப்பலியில் அருந்துவதைத் தவிர இனி நானும் தொடமாட்டேன். நீங்கள் தொடாத வரையில் நானும் தொடேன்" என்று சொன்னேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். சுண்ணாம்பு படிந்து வெடித்த கை. குலுக்கிக்கொண்டோம்.

திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி பார்த்தால் அது நேர்ச்சை அன்று. நேர்ச்சை என்பது கடவுளுக்குச் செய்யும் வாக்குறுதி என்று 1191ஆம் சட்டம் கூறுகிறது. நான் செய்தது ஒரு கொத்தனாருக்குச் செய்த வாக்குறுதி. நேர்ச்சையிலிருந்து விலக்களிக்க அதிகாரிகள் உண்டு. இதிலிருந்து விலக்களிக்க அந்தக் கொத்தனாரைத் தவிர எவருமில்லை.

எனக்கு அது எளிய வாக்கு. இழந்தது ஆண்டுக்கு நான்கைந்து மாலைகளின் சுவை, அவ்வளவே. அவருக்கோ அது ஒவ்வொரு நாள் மாலை ஆறு மணிக்கும் நடந்த போர். பதினோர் ஆண்டுகளில் இருமுறை விழுந்தார். ஒருமுறை அக்காள் மகனின் அடக்கத்தன்று. மறுமுறை காரணம் ஏதுமின்றி. இருமுறையும் மறுநாள் காலையில் தாமாகவே வந்து சொன்னார். இரண்டாம் முறை நான் வேறு பங்குக்கு மாற்றலாகிப் போயிருந்தேன். இரண்டு பேருந்து மாறி வந்தார். நான் ஏதும் கடிந்துகொள்ளவில்லை. "நாளைக்கு?" என்று மட்டும் கேட்டேன். "நாளைக்குத் தொடமாட்டேன் சாமி" என்றார். கணக்கு மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கியது.

இப்பின்னணியோடு அந்த மாட்டுக் கொட்டகைக்கு வாருங்கள்.

பெல்ஜியம் எனக்குப் புதிதன்று. 1999 முதல் 2001 வரை லூவன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றேன். காற்று ஒரு திசையில் வீசினால் அந்நகரம் முழுவதும் மால்ட் வேகும் மணம் கமழும். புழுங்கல் நெல் அவிக்கும் வாடைக்குத் தாயாதி என்று சொல்லலாம். மோலோக்காய் தொழுநோயாளரின் தந்தை தாமியான் அடிகளின் கல்லறையும் அந்நகரில்தான் இருக்கிறது. அங்கே முழந்தாளிட்டுவிட்டு வெளியே வந்து சக மாணவர்களுடன் ஒரு குவளைப் பீர் அருந்துவதில் எங்களுக்கு முரண்பாடு எதுவும் தோன்றியதில்லை. அந்நாட்டில் துறவிகளே பீர் காய்ச்சுகிறார்கள். கெம்பன் பகுதியின் வெஸ்ட்மால் மடத்துத் துறவியர் 1836ஆம் ஆண்டிலிருந்து காய்ச்சி வருகின்றனர். பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

2023 கோடையில், ஊருக்குப் போன ஒரு பங்குத்தந்தைக்கு மாற்றாக ஆறு வாரங்கள் அங்கே சென்றேன். குருக்கள் அருகிவிட்டார்கள்; ஒருவர் தலையில் ஏழெட்டுக் கோவில்கள். கெம்பன் மணற்பாங்கான நிலம். நம் செம்மண் தேரிக்காட்டைப்போல வளமான பயிர் எதுவும் எளிதில் வராது. அந்தப் பங்கின் மன்ற உறுப்பினர் ஒருவர், முப்பதைத் தாண்டிய உழவர், பால் பண்ணை கட்டுப்படியாகாமல் மாடுகளை விற்றுவிட்டுக் கொட்டகையில் சிறிய அளவில் பீர் காய்ச்சுகிறார். பெரிய ஆலைகள் ஒரே சுவையை ஆயிரமாயிரம் பெட்டிகளில் அடைக்கும்போது, இத்தகைய சிறு கைவினைஞர்கள் தங்கள் மண்ணின் தானியத்தையும் தங்கள் நாவின் கற்பனையையும் நம்பித் தொழில் செய்கிறார்கள். ('காய்ச்சுவது' என்ற சொல்லை எழுதும்போதே நமக்கு ஊறல் பானையும் காவல்துறை வண்டியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. தமிழில் வேறு சொல் இல்லையே, என் செய்வது!)

விண்ணேற்பு அன்னையின் பெருவிழாவுக்கென்று அவர் ஒரு கறுப்புப் பீர் செய்திருந்தார். விற்கும் காசு கோவிலின் பழைய இசைப்பெட்டியைப் பழுதுபார்க்க. விழாவுக்கு முந்திய மாலை என்னையும் பங்கு மன்றத்தார் சிலரையும் அழைத்துச் செய்முறையை விளக்கினார்.

நம் தாய்மார்கள் கைக்குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து மாவாக்குவதை நாம் அறிவோம். முளைகட்டிய மாவில் கஞ்சி காய்ச்சினால் சர்க்கரை போடாமலே இனிக்கும். பீரின் தொடக்கமும் அதுவே. வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால், மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பு நீர் இறங்கும். அதை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் கலந்தால் புளித்து மதுவாகிறது. தானியத்தில் ஒரு பகுதியைக் கருக வறுத்துவிட்டால் நிறம் கறுப்பாகும். காப்பியே சேராமல் காப்பியின் சாயல் வந்துவிடும்.

அவர் அதோடு நிற்கவில்லை. மூன்று தானியங்களைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார். ஓட்ஸ், நாவில் வழவழப்பைத் தருவதற்கு. ரை என்னும் கரடான மணி, காரச் சாயலுக்கு. மூன்றாவது பக்வீட். பெயரில் கோதுமை இருந்தாலும் அது புல்லினமே அன்று. முக்கோண வடிவிலான கரிய விதை. மணல் நிலத்தில் வேறெதுவும் விளையாத காலத்தில் கெம்பன் ஏழைகளின் வயிற்றை நிரப்பியது அதுதான். உருளைக்கிழங்கும் இரசாயன உரமும் வந்தபின் வயல்களிலிருந்து மறைந்துபோயிற்று. "என் பாட்டி வீட்டில் இதில்தான் அப்பம் சுடுவார்கள். வறுமையின் தானியம் என்று என் அப்பா இதை வீட்டுக்குள் விடவில்லை. நான் திரும்பக் கொண்டுவந்தேன்" என்றார். வரகும் சாமையும் நம் வீடுகளில் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

காப்பியை அவர் கொதிக்கவைப்பதில்லை. ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் வந்திறங்கும் கொட்டையை வாங்கி வறுத்துப் பொடித்து, குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பீர் புளித்து முடிந்தபின் டிகாஷனை மட்டும் சேர்க்கிறார். கொதித்தால் கடுங்கசப்பு இறங்கிவிடுமாம். சில வேளைகளில் என்ன செய்தாலும் காப்பிக்குப் பதிலாகக் குடமிளகாயின் வாடை வந்துவிடுமாம். முந்தைய ஆண்டு அப்படியாகி மொத்தத்தையும் சாக்கடையில் கொட்டினார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. கடைசியாக ஒரு பிடி வறுத்த சிக்கரி. கும்பகோணத்துக் காப்பியில் கலக்கும் அதே சிக்கரி. பெல்ஜியத்து வயல்களில் விளையும் கிழங்கு. போர்க்காலத்தில் காப்பி கிடைக்காமல் சிக்கரியை மட்டுமே காய்ச்சிக் குடித்ததை உழவரின் தாயார் தம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறார்.

அந்த அம்மையார் குறும்புக்காரர். "சுவாமி, எங்கள் ஊரில் திராட்சை விளைவதில்லை. பின் ஏன் திருப்பலிக்குப் பீரைப் பயன்படுத்தக் கூடாது?" என்று கேட்டார். அப்பம் கோதுமையால் மட்டுமே ஆகவேண்டும், இரசம் திராட்சைக் கனியினதாகவே இருக்கவேண்டும் என்னும் 924ஆம் சட்டத்தைச் சொன்னேன். கூடவே ஒரு பழைய செய்தியையும் சொன்னேன். 1241ஆம் ஆண்டில் நார்வே நாட்டு நிதாரோஸ் பேராயர், தண்ணீர் கிடைக்காத நிலையில் குழந்தைகளுக்குப் பீரால் திருமுழுக்களித்த வழக்கைத் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியாருக்கு எழுதினார். நீராலும் ஆவியாலும் பிறக்கவேண்டும் என்பதே நற்செய்தி. ஆதலால் அவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்களாகக் கருதப்படலாகாது என்று திருத்தந்தை பதிலளித்தார். "பாவம் அந்தக் குழந்தைகள், இரண்டுமுறை நனைந்தார்களே" என்றார் அம்மையார்.

பிறகு என்னைப் பீருக்கு ஆசி வழங்கச் சொன்னார்கள். பழைய இலத்தீன் சடங்கு நூலில் பீருக்கென்றே ஓர் ஆசியுரை உண்டு. தானியத்தின் செழுமையிலிருந்து உருவான இப்படைப்பு மனிதர்க்கு நலம்தரும் மருந்தாக இருக்கவும், இதை அருந்துவோர் உடல்நலமும் ஆன்மக் காப்பும் பெறவும் அதில் வேண்டப்படுகிறது. யாரோ அதை அச்சிட்டு வைத்திருந்தார்கள். நான் வாசித்தேன். உடல்நலம் என்ற சொல்லை வாசிக்கும்போது என் குரல் சற்றே தடுமாறியது. நம் பங்குகளில் இதே பொருளால் நான் அடக்கம் செய்த இளைஞர்கள் எத்தனை பேர்!

முதல் குவளையை என்னிடம் நீட்டினார் அந்த உழவர்.

இந்த இடத்தில் நான் எளிதாகத் தப்பித்துக்கொள்ளலாம். உங்கள் முன் வைப்பதை உண்ணுங்கள் என்று ஆண்டவர் தம் சீடரை அனுப்பியபோது சொன்னதை லூக்கா எழுதியிருக்கிறார் அல்லவா? விருந்தளிப்பவரின் மனத்தை நோகடிக்கலாமா? அப்படி எழுதினால் அது பொய். அங்கே மது அருந்தாதவரை எவரும் வற்புறுத்துவதில்லை. என் அருகில் அமர்ந்திருந்த பெண்மணி தண்ணீர்தான் அருந்தினார். "எனக்கும் தண்ணீர்" என்று சொல்லியிருந்தால் யார் மனமும் நொந்திராது.

நான் வாங்கியதற்குக் காரணம் அந்த மணம். நுரையின் மேலே குனிந்ததும் முதலில் வந்தது பீர் அன்று. சிக்கரி கலந்த காப்பியின் மணம். அம்மா பித்தளை வடிகட்டியைத் தட்டித் தட்டி டிகாஷன் இறக்கிய விடியற்காலை அடுக்களை. அம்மா இறந்து அப்போது ஆறு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு வாய் பருகினேன். முதலில் கசப்பு, நாம் அறிந்த காப்பிக் கசப்பு. பின்னாலே கருகிய சோற்றுப் பருக்கையின் மணம், பனைவெல்லத்தின் அடிச்சாயல். ஓட்ஸின் வழவழப்பு நாவில் தங்கி, எல்லாம் இறங்கியபின் மழை பெய்த மண்ணைப்போல ஒன்று எஞ்சியது. பக்வீட் அதுதான் என்றார் உழவர். நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. ஒரு வாயோடு நிறுத்தவில்லை. குவளை காலியாகும்வரை கொத்தனாரின் நினைவு எனக்கு வரவில்லை என்று சொல்ல ஆசைதான். வந்தது. இரண்டாம் வாயிலேயே வந்தது.

அன்றிரவு உறங்கவில்லை. எட்டு விழுக்காட்டுப் பீர் என்பதால் அன்று. குடித்தது பாவமா என்ற வினாவும் என்னை வாட்டவில்லை. ஆசியளித்த பொருளை அளவோடு அருந்துவது பாவமன்று என்பது எனக்குத் தெரியும். அந்த மேசையில் பெண்கள் இருந்தார்கள், பாலாடைக்கட்டியும் ரொட்டியும் இருந்தன, ஒரு குவளை ஒரு மணி நேரம் நீடித்தது. நம்மூரிலோ மேசையும் இல்லை, உணவும் இல்லை, பெண்களும் இல்லை; முள்வேலி ஓரத்தில் நின்றபடி பிளாஸ்டிக் குவளையில் ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார்கள். சுவைப்பதற்காக எவரும் அங்கே வருவதில்லை.

ஆனால் அவர்கள் பண்பட்டவர்கள், நாம் பண்படாதவர்கள் என்று முடிவு கட்டுவதும் பிழை. உழவரின் தாயார் அதையும் சொன்னார். அவருடைய பாட்டனார் ஜெனீவர் என்னும் சாராயத்தில் நிலத்தைத் தொலைத்தவர். அக்காலத்துப் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றின் கதை அது. 1919ஆம் ஆண்டில் மதுக்கடைகளில் சாராய வகைகளை ஊற்றிக் கொடுப்பதையே அந்நாட்டுச் சட்டம் தடைசெய்தது. 1980கள் வரை அத்தடை நீடித்தது. கடுமையான பீர்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பர். இன்று நாம் வியக்கும் அந்த நிதானமான மேசைக்குப் பின்னால் ஒரு சட்டமும் பல பெண்களின் கண்ணீரும் இருக்கின்றன. நம் மாநிலத்தில் 2003 முதல் சில்லறைக் கடையை அரசு நிறுவனமே நடத்துகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்வதைத் தவிர்க்க இயலவில்லை.

என்னை வாட்டியது வேறு. ஐரோப்பாவின் ஒரு மூலையில் நான் அருந்தியதை ஏறத்தாழ எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சாரத்தில் நிற்கும் அந்த மனிதர் அறியப்போவதே இல்லை. தன் உணவு சகோதரனுக்கு இடறலாகுமானால் அதைத் தொடவே மாட்டேன் என்று கொரிந்தியருக்கு எழுதினார் தூய பவுல். அவர் கவலைப்பட்டது பார்க்கிற சகோதரனைக் குறித்து. பாராத சகோதரனுக்கு இடறல் இல்லையே? சொன்னால்தானே இடறல்? அப்படியானால் சொல்லாமல் இருப்பதே அன்பு அல்லவா? நள்ளிரவு தாண்டியும் இந்த வாதத்தைப் புரட்டிப் பார்த்தேன். பிழையில்லாத வாதமாகவே இருந்தது. அதனாலேயே அதன்மேல் எனக்கு ஐயம் எழுந்தது. அவர் இருமுறை விழுந்ததையும் நான் பார்த்திருக்கவில்லை. பாராத என்னைத் தேடி இரண்டு பேருந்து மாறி வந்து சொன்னவர் அவர்.

செப்டம்பரில் ஊர் திரும்பிய மறுவாரம் அவரைத் தேடிப் போனேன். ஒரு வீட்டின் முதல் மாடிச் சுவருக்குப் பூச்சு வேலை. கீழே இறங்கி வந்தார். தேநீர்க் கடையோரம் நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"எத்தனை சாமி?"

"ஒன்று."

"எப்படி இருந்துச்சு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நன்றாக இல்லை என்று சொல்லியிருக்கலாம். "சிக்கரி போட்ட நம் காப்பியைப்போல இருந்தது. நன்றாக இருந்தது" என்றேன்.

கரண்டியில் காய்ந்திருந்த சிமெண்டைக் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பாராமல், "நாளைக்கு?" என்றார்.

"நாளைக்குத் தொடமாட்டேன்" என்றேன். தலையசைத்துவிட்டுச் சாரத்தில் ஏறினார். இப்போது அவர் கணக்கில் எனக்கு அவரைவிடக் குறைந்த நாள்கள். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் இருவர் எண்ணிக்கையையும் தவறாமல் சொல்கிறார். அதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி இருப்பதும் தெரிகிறது.

அவர் மனைவிக்கு மகிழ்ச்சி இல்லை. அந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது, கணவர் எழுந்து வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "சாமி அங்கே குடிச்சது பெரிசில்லே. இவருகிட்டே வந்து சொல்லாம இருந்திருக்கலாம். சாமியே குடிச்சாருன்னு ஒரு வார்த்தை இவரு மனசிலே கிடக்குது. என்னைக்கு அதை எடுப்பாருன்னு நான்தானே பார்த்துக்கிட்டு இருக்கணும்."

மீண்டும் அந்தப் பெண்ணைக் கணக்குப் பார்க்க வைத்துவிட்டேன். என்னிடம் அதற்கு விடையில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தார், சிக்கரி தூக்கலாக இருந்தது, குடித்தேன். இக்கட்டுரையை எழுதும் நாள்வரை அவர் தொடவில்லை. சனிக்கிழமை மாலைகளில் மட்டும், பேருந்து வரும் நேரத்துக்கு அந்த அம்மா இன்னும் வாசலில் வந்து நிற்கிறார் என்று அவரே என்னிடம் சொன்னார்.